முதலில் சிவப்புத் தேதி

மார்கழி பிறந்த இரண்டாம் நாள், பெங்களூரில் இருக்கும் மகனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வந்தது. "அப்பா, 2026க்கு உங்க ரேஸ் பிளான் ரெடி. நீங்க சரின்னு சொன்னா எல்லாத்துக்கும் நானே பணம் கட்டிடுறேன்" என்று கீழே ஒரு குறிப்பு.

பிப்ரவரியில் ஆரோவில். ஏப்ரலில் பெங்களூரு 10 கி.மீ. ஆகஸ்டில் ஹைதராபாத். செப்டம்பரில் லடாக். அக்டோபரில் டெல்லி அரை மாரத்தான். டிசம்பரில் கோயம்புத்தூர். அதை முடித்த கையோடு அடுத்த ஜனவரியில் சென்னை, பிறகு மும்பை. மொத்தம் எட்டு.

பிள்ளை ஆசையாகச் செய்தது. ஐம்பத்தொன்பது வயதில் சர்க்கரை என்று தெரிந்து, டாக்டர் சொன்னாரே என்று நடக்கத் தொடங்கி, பிறகு மெதுவாக ஓடத் தொடங்கியவன் நான். அப்பா ஓடுகிறார் என்று ஆபீஸில் எல்லாரிடமும் சொல்லிக்கொள்வானாம். அதனால் வேண்டாம் என்று உடனே சொல்ல மனம் வரவில்லை. பதில் எழுத இரண்டு நாள் ஆயிற்று. அந்தப் பதிலையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். விஸ்வநத்தத்திலும் சிவகாசியிலும் என் வயதுக்காரர்கள் சிலர் இப்போது ஓட ஆரம்பித்திருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளும் இதுபோல் பட்டியல் அனுப்பக்கூடும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறுபதைத் தாண்டியவருக்கு ஆண்டுக்கு இரண்டு ஓட்டம் போதும். ரோட்டில் ஒன்று, மண்பாதையில் ஒன்று. அந்த ஆண்டுத் திட்டத்தைப் போடும்போது, ஓடும் நாட்களைக் குறிப்பதற்கு முன்னால் ஓடக்கூடாத நாட்களைக் குறிக்க வேண்டும்.

இது எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பாடம். முப்பத்தாறு வருஷம் ஒரு பிரஸ்ஸில் காலண்டர் பிரிவில் புரூஃப் பார்த்தேன். நம்ம ஊரில் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பம் வெளியாகிவிடும். ஊர் உலகமெல்லாம் இந்த வருஷத்தில் இருக்கும்போது நாங்கள் அடுத்த வருஷத்தில் உட்கார்ந்திருப்போம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஃபோர்மேன் ஒருவர் சொல்வார்: "தம்பி, மொதல்ல செவப்புத் தேதியப் பாரு. அது சரியா இருந்தா கறுப்பு தானா சரியா வரும்." அரசு விடுமுறை, பண்டிகை, அமாவாசை எல்லாம் சரியாக உட்கார்ந்துவிட்டால் மற்றவை தப்பாது. அதை விட்டுவிட்டு மற்றதைத் திருத்திக்கொண்டிருந்தால், கடைசியில் தீபாவளி தப்பான நாளில் அச்சாகி லட்சம் பிரதி வீணாகும்.

ஓட்டத்தில் நான் அந்தப் பாடத்தை மறந்தேன். அதற்கான விலையையும் கொடுத்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய குளிர்காலத்தில், பத்து வாரத்துக்குள் இரண்டு அரை மாரத்தானும் ஒரு 10 கி.மீ. ஓட்டமும் ஓடினேன். அரை மாரத்தான் என்றால் 21 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. நமக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், சிவகாசியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற தூரம். முதல் ஓட்டம் நன்றாகப் போயிற்று. இரண்டாவதில் குதிகாலில் ஒரு குத்தல். நாள் போகப் போகச் சரியாகிவிடும் என்று மூன்றாவதும் ஓடினேன். அடுத்த நாள் காலை கட்டிலை விட்டு இறங்கிக் காலைத் தரையில் வைத்ததும் ஆணி ஏறியதுபோல் இருந்தது. பாதத்தின் அடியில் குதிகாலிலிருந்து விரல்வரை போகும் தசைநார் பழுத்துவிட்டது என்றார் டாக்டர். காலையில் முதல் அடி வைக்கும்போது அதிகமாக வலிப்பதுதான் அதன் அடையாளமாம். சரியாக எட்டு மாதம் ஆயிற்று.

அந்த எட்டு மாதத்துக்குள் ஆடி அமாவாசை வந்தது. முப்பத்தொரு வருஷமாக நானும் என் மனைவியும் ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறுகிறோம். தாணிப்பாறையிலிருந்து வழுக்குப்பாறை, இரட்டை லிங்கம், பிலாவடிக் கருப்பர் என்று ஒவ்வொரு இடமாகத் தாண்டி, சுந்தரமகாலிங்கத்தைப் பார்த்துவிட்டு இறங்குவோம். அந்த வருஷம் அவள் தன் தம்பி குடும்பத்தோடு போனாள். நான் வீட்டுத் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தவள் விபூதியைக் கையில் வைத்துவிட்டு, சுவரில் தொங்கிய மெடல்களைப் பார்த்தாள். "மூணு தொங்குதுல்ல, இந்த வருஷம் அதக் கும்பிட்டுக்கோங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

எனக்கு எது முக்கியம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் ஓட ஆரம்பித்ததே, எழுபதிலும் எழுபத்தைந்திலும் அந்த மலையை என் காலால் ஏறவேண்டும் என்பதற்காக. ஓட்டம் அதற்கு ஒரு வழி. வழியிலேயே காலை உடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

இனி திட்டத்துக்கு வருகிறேன். 2026 காலண்டரை எடுத்துச் சிவப்பு மையில் முதலில் குறித்தவை இவை.

ஆகஸ்ட் 12, புதன்கிழமை, ஆடி அமாவாசை. அதற்கு முன் மூன்று வாரமும் பின் இரண்டு வாரமும் எந்தப் பந்தயமும் இல்லை. ஆகவே ஹைதராபாத் அடிபட்டது.

பங்குனி முதல் வைகாசி வரை. மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல், பத்திரகாளியம்மன் கோயில் சித்திரைப் பொங்கல் என்று ஊரே விழாவில் இருக்கும். அதைவிட முக்கியம், நம்ம கரிசல் வெயில். மே முதல் வாரத்தில் அக்கினி நட்சத்திரம் தொடங்குவதற்கு முன்பே, காலை ஏழு மணிக்கு ரோடு சுட ஆரம்பித்துவிடும். வயதானவர் உடம்புக்குச் சூட்டை வெளியேற்றும் சக்தி குறைவு, தாகமும் தாமதமாகத்தான் தெரியும். இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் ஆபத்து. இந்த மூன்று மாதமும் விடிவதற்கு முன் நடை மட்டும். பெங்களூரு கொஞ்சம் குளிர்ச்சியான ஊர்தான். ஆனால் அங்கே ஏப்ரலில் ஓடுவதற்கு இங்கே மார்ச்சில் அல்லவா பயிற்சி எடுக்க வேண்டும்? ஓட்டம் நடக்கும் ஊரின் வானிலையைப் பார்க்கிறோம், பயிற்சி நடக்கும் ஊரின் வானிலையை மறந்துவிடுகிறோம். அதுவும் அடிபட்டது.

நவம்பர் 8, தீபாவளி. அதற்கு முந்தைய வாரங்களில் நம்ம ரோடுகளில் பார்சல் லாரிகள் இரவு பகலாக ஓடும். வடகிழக்குப் பருவமழையும் அதே சமயம்தான். தீபாவளியை ஒட்டிய நாட்களில் புகை வேறு. அந்த நாட்களில் மூச்சிரைக்க ஓடுவது நுரையீரலுக்கு நாமே வைக்கும் வெடி. அக்டோபர் கடைசி முதல் நவம்பர் நடுப்பகுதி வரை சிவப்பு. அக்டோபரில் டெல்லியும் வேண்டாம்.

லடாக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். சிவகாசி இருப்பது சுமார் நூறு மீட்டர் உயரத்தில். அங்கே போய் உடம்பு பழகுவதற்கே பல நாள் தங்க வேண்டும். இளவட்டங்கள் போகட்டும். நான் படத்தில் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிச் சிவப்பைப் போட்டபின் மிஞ்சிய கறுப்புத் தேதிகளில் இரண்டு ஓட்டம் தானாக வந்து உட்கார்ந்தது.

ஒன்று ஆரோவில். 2008இல் தொடங்கியது, வழக்கமாகப் பிப்ரவரியில் நடக்கும். செம்மண் பாதை, மரநிழல். வென்றவர் தோற்றவர் என்று பரிசு கொடுப்பதில்லை, ஓடும் மகிழ்ச்சிக்காக ஓடுங்கள் என்கிறார்கள். அந்தக் கொள்கை என் வயதுக்குச் சரியாகப் பொருந்துகிறது. அங்கே அரை மாரத்தான். அதற்கான பயிற்சி மார்கழி, தை மாதங்களில் வருவதால் நம்ம ஊரிலேயே காலைப் பனியில் சுகமாக ஓடலாம்.

இன்னொன்று கோயம்புத்தூர் மாரத்தான். 2013இல் தொடங்கியது, அங்குள்ள புற்றுநோய் அறக்கட்டளைக்கு நிதி திரட்ட நடத்துகிறார்கள். சில ஆண்டுகளாக டிசம்பரில் நடக்கிறது. ரோடு, நல்ல குளிர். அதில் 10 கி.மீ. மட்டும். மழை விட்டபின் மூன்று நான்கு வாரப் பயிற்சியில் அதற்குமேல் ஆசைப்படக்கூடாது. அதோடு சென்னையும் மும்பையும் தானாகவே போயின. டிசம்பரில் ஓடிய காலோடு ஜனவரியில் இரண்டு ஊருக்கு ரயில் ஏறுவது, நான் ஏற்கெனவே ஒருமுறை செய்த அதே தப்பு. பந்தயத் தேதிகள் மாறக்கூடியவை. நடத்துகிறவர்கள் அறிவித்த பிறகே பணம் கட்டுங்கள்.

"இரண்டுதானா?" என்று கேட்பீர்கள். ஓட்டத்துக்குப் பிறகு எத்தனை நாள் ஓய்வு என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நியூசிலாந்தைச் சேர்ந்த ஜாக் ஃபாஸ்டர் முப்பது வயதுக்கு மேல்தான் ஓடவே தொடங்கினார். 1974இல் கிறைஸ்ட்சர்ச் காமன்வெல்த் போட்டியில், நாற்பத்தொரு வயதில், மாரத்தானை 2 மணி 11 நிமிடத்தில் முடித்து வெள்ளி வாங்கினார். அவர் பெயரால் வழங்கும் விதி இது: பந்தயத்தில் ஓடிய ஒவ்வொரு மைலுக்கும் ஒரு நாள், கடுமையான ஓட்டம் கூடாது. முழு மாரத்தானுக்கு 26 நாள், அரை மாரத்தானுக்கு 13 நாள், 10 கிலோமீட்டருக்கு 6 நாள். நாற்பத்தொரு வயதுச் சாம்பியனுக்கே அந்தக் கணக்கு. அறுபத்தாறு வயதுச் சர்க்கரைக்காரன் அதை இரண்டால் பெருக்கிக்கொள்வது நல்லது. இது நானாகப் போட்டுக்கொண்ட கணக்கு, மருத்துவ விதி அல்ல. ஆனால் என் பழைய பத்து வாரத்தை இந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். ஓய்வு நாட்களைக் கழித்தால் பயிற்சிக்கு நாளே மிஞ்சவில்லை. குதிகால் சும்மா கோபித்துக்கொள்ளவில்லை.

காலையில் என்னோடு ஓடும் இளைஞர் ஒருவர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. "அண்ணாச்சி, மாசத்துக்கு ஒரு ரேஸ் இல்லேன்னா காலையில எந்திரிக்கவே தோணாதுல்ல. நம்ம மினிஸ்டரையே பாருங்க" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அப்போது அமைச்சராக இருந்த மா. சுப்பிரமணியன் சர்க்கரை நோய்க்காரர், விபத்தில் காலில் பலத்த அடிபட்டவர். நூறு அரை மாரத்தானுக்கு மேல் ஓடியிருக்கிறார். அவரைப் பார்த்து ஓட வந்தவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம், நானும் ஒருவன். நாள் குறித்தால் சோம்பல் போகும் என்பதும் உண்மைதான்.

ஆனால் அந்த ஊக்கத்துக்குப் பந்தயம் மட்டும்தான் வழியா? நம்ம ஜனங்கள் இருக்கன்குடிக்கும் திருச்செந்தூருக்கும் பாதயாத்திரை போவதைப் பாருங்கள். மாலை போட்டு, நாள் கணக்கில் விரதம் இருந்து, வருஷத்துக்கு ஒரு தடவை போகிறார்கள். அதற்காக மற்ற மாதங்களில் காலை ஒடுக்கி வைக்கிறார்களா என்ன? ஒரே ஒரு நாளை மனதில் வைத்து வருஷம் முழுவதும் நடக்க நம்மால் முடியும். அது நம்ம ஊருக்குப் புதுப் பழக்கமே இல்லை.

ஃபௌஜா சிங்கையும் சொல்ல வேண்டும். பஞ்சாபில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறியவர். 2000ஆம் ஆண்டு லண்டன் மாரத்தானை எண்பத்தொன்பது வயதில் ஓடினார். 2011இல் நூறு வயதில் டொரொண்டோவில் முழு மாரத்தானை முடித்தார். உலகமே வியந்த அந்த மனிதர் மொத்தம் ஓடிய முழு மாரத்தான்கள் ஒன்பது. சராசரியாக ஆண்டுக்கு ஒன்றுகூட இல்லை. 2013இல் பந்தயங்களுக்கு விடை கொடுத்தார், நடையை விடவில்லை. 2025 ஜூலை 14 அன்று, ஜலந்தர் அருகே தன் சொந்த ஊரில் ரோட்டைக் கடக்கும்போது வாகனம் மோதி இறந்தார். அப்போது அவருக்கு வயது நூற்றுப் பதினான்கு.

அவர் சாவு எனக்கு நம்ம ரோட்டை ஞாபகப்படுத்துகிறது. ஆண்டுத் திட்டத்தில் யாரும் எழுதாத வரி இது: வருஷத்தில் இரண்டு நாள் போலீஸ் ரோட்டை அடைத்துக் கொடுத்து, தண்ணீரும் கொடுத்து நம்மை ஓடவிடுகிறார்கள். மீதி நாளெல்லாம் நாம் ஓடுவது வெம்பக்கோட்டை ரோட்டு ஓரத்தில். நடைபாதை கிடையாது. ஆறரை மணிக்கெல்லாம் பட்டாசு ஆலைகளுக்கு ஆள் ஏற்றும் வேன்கள் பறக்கும். அவர்கள் பிழைப்பு, நேரத்துக்குப் போயாக வேண்டும். ஒதுங்க வேண்டியது நாம்தான். அதனால் நான் ஆறு மணிக்குள் ரோட்டை விட்டு இறங்கிவிடுகிறேன். எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி வலது ஓரமாக ஓடுகிறேன். முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டிய பனியன். காதில் பாட்டு கிடையாது. 2023 நவம்பரில் அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டம் தோறும் 8 கி.மீ. நடைத்தடம் குறித்தது நல்ல காரியம். அது தலைநகரங்களோடு நிற்காமல் எங்கள் போன்ற ஊராட்சிகளுக்கும் வரவேண்டும். அதுவரை பள்ளி மைதானங்களைக் காலை ஐந்திலிருந்து ஏழு வரை பெரியவர்களுக்குத் திறந்துவிட்டாலே போதும். எட்டு ஊருக்கு ரயில் டிக்கெட் எடுக்கும் காசில் ஒரு மைதானத்துக்கு விளக்குப் போட்டுவிடலாம் என்று மகனுக்கு எழுதினேன்.

மண்பாதை பற்றியும் ஒரு வார்த்தை. ஆரோவிலில் ஓடப் பயிற்சி வேண்டும் என்று யாரும் சதுரகிரிப் பாதையில் ஓடிப் பார்க்காதீர்கள். அது ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. வனத்துறை விடும் நாளில், விடும் நேரத்தில், பக்தராக நடந்து போய் வரவேண்டிய இடம். 2015 மே மாதம் திடீர் வெள்ளத்தில் அங்கே பக்தர்கள் உயிரிழந்ததை நாம் மறக்கக்கூடாது. பயிற்சிக்குக் கண்மாய்க்கரையும் காட்டு வண்டிப்பாதையும் போதும். இன்னொன்று: மேடேறும்போது மூச்சு வாங்கும், முட்டி தேய்வது இறங்கும்போதுதான். இறக்கத்தில் குட்டி எட்டாக வையுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குச் சில சொற்கள். பணம் கட்டுவதற்கு முன் ஈ.சி.ஜி.யும், டாக்டர் சொன்னால் டிரெட்மில் பரிசோதனையும் எடுத்துவிடுங்கள். கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை என்று மாற்றி மாற்றிப் போவதில் வெட்கம் வேண்டாம். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலோவே உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த முறையே அதுதான். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஓடும் நாளில் மாத்திரையை எப்படி எடுப்பது என்று டாக்டரிடம் முன்பே கேளுங்கள். சட்டைப் பையில் இரண்டு கோவில்பட்டி கடலை மிட்டாய் எப்போதும் இருக்கட்டும். கை நடுங்கி வியர்த்தால் நின்று, உட்கார்ந்து, தின்றுவிட்டு, அன்றைக்கு ஓட்டத்தை முடித்துக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து, உடம்பில் உப்பு இறங்கிவிடும். இரவு படுக்கும் முன் பாதத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், கொப்புளம் இருந்தால் ஆறும்வரை ஷூ வேண்டாம்.

மகனுக்கு எழுதிய பதிலின் கடைசி வரி: "ரெண்டுக்கு மட்டும் பணம் கட்டு. மீதி ஆறுக்கு வச்சிருந்த லீவுல ஒரு மூணு நாள ஆடி அமாவாசைக்கு எடுத்துட்டு வா. தாணிப்பாறையில காலையில கேட்டுத் திறக்கும்போது நாம மூணு பேரும் நிக்கணும்."

அன்றிரவே பதில் வந்தது. "சரிப்பா. ஆனா நான் ஏறிடுவேனான்னு தெரியலையே, ஒரு வருஷமா உக்காந்தே வேலை பாக்கேன்."

அவனுக்கும் ஒரு காலண்டர் அனுப்பப் போகிறேன். சிவப்புத் தேதியை அவனே குறிக்கட்டும்.